நனைந்த 12 போர் துப்பாக்கி: சாலை திறக்கும்வரை வீட்டில் இருப்பதில் எது கைகொடுக்கும், எது கெடுக்கும்

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் குடகு, வயநாடு, நீலகிரி, வால்பாறைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் சுவரில் மாட்டிய எதுவும் முழுசாகக் காய்வதில்லை. அந்த வீடுகளில் பலவற்றில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய 12 போர் (குழல் அளவு, bore) ரவைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குடகில் இன்னும் ஒரு படி மேலே: கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்ட லைசென்ஸிலிருந்து விலக்கே உண்டு, அது இப்போது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை நடக்கும். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாத மழைதான் அந்த இரும்புக்கு உண்மையான சோதனை.

2018 ஆகஸ்டில் நிலச்சரிவு மடிக்கேரிப் பக்கத்துச் சாலைகளை அடைத்தபோது நடந்ததுபோல், மின்சாரமும் போய், கூரை ஒழுகி, துப்பாக்கியும் நனைந்துவிட்டால் என்ன செய்வது? மைசூரிலோ கோவையிலோ இருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போகச் சில நாள் ஆகலாம். துருவோ சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். சமையலறை, தையல் மெஷின், பைக் ஷெட், பெயிண்ட் டப்பா வைத்த மூலை ஆகிய இடங்களில் கிடைப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொதிநீர், மண்ணெண்ணெய், பிரிக்காத பாட்டிலில் இருக்கும் பைக் என்ஜின் ஆயில், இந்த மூன்றும் இதே வரிசையில். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டபிள்யூடி-40 ஸ்ப்ரே. என்ஜின் ஆயில் இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், பவர் ஸ்டியரிங் இரண்டுக்கும் ஊற்றும் சிவப்பு நிற ஏடிஎஃப். இரண்டும் இல்லாத வீட்டில் தையல் மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் கடைசி, அதுவும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

காரணம் இதுதான். நனைந்த துப்பாக்கிக்கு மூன்று வேலை நடக்க வேண்டும்: உப்பையும் சேற்றையும் வெளியேற்றுவது, தண்ணீரை விரட்டுவது, காற்று படாமல் ஒரு படலம் போடுவது. எண்ணெயில் உப்பு கரையாது. மண்ணெண்ணெய் படலமாக நிற்காது. தண்ணீர் தானாக ஓடிவிடாது. ஒரே பாட்டிலில் மூன்றையும் தேடுவதால்தான் நல்ல துப்பாக்கிகள் பாழாகின்றன.

குழல் காலியா?

எதையும் தொடும் முன்பு இது. நடுவில் மடங்கித் திறக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் முனையை ஆளில்லாத பக்கம் காட்டித் திறந்து, தோட்டா அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இருட்டில் கண்ணை நம்ப வேண்டாம். தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் எண்ணெய் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் திறந்து பார்க்க வழியில்லை. கெட்டிக் கம்பை உள்ளே முட்டும்வரை விட்டு, குழல் வாய் அருகே கம்பில் நகத்தால் குறி போடுங்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பின் நுனி வெடிக் கேப் மாட்டும் சிறு காம்பு (நிப்பிள்) இருக்கும் இடத்தருகே வர வேண்டும். நாலு விரல் மேலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். நனைந்துவிட்டதே, இனி வெடிக்காது என்று நினைப்பது ஆபத்து: கருமருந்து காய்ந்ததும் மறுபடி உயிர் பெறும். கெட்டித்த மருந்தை வீட்டில் தோண்டி எடுக்க முயல வேண்டாம். கேப்பைக் கழற்றிவிட்டு, முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, துப்பாக்கி மிஸ்திரியிடம் போகும்வரை அப்படியே விடுங்கள்.

தண்ணீர்: எந்தத் தண்ணீர்?

இரும்பைக் காப்பாற்றத் தண்ணீர் ஊற்றச் சொல்வது பலருக்கும் நெருடும். ஆனால் வெள்ளம் புகுந்த வீட்டில் துப்பாக்கிக்குள் இருப்பது தண்ணீர் மட்டுமல்ல. வண்டல், உரம், சாக்கடை உப்பு எல்லாம் இருக்கின்றன. அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பை இரும்போடு சேர்த்து மூடி வைத்ததாகிவிடும். கருமருந்துக் கரியும் அப்படித்தான். அதில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரில் உடனே கரையும், எண்ணெயில் அசையாது. பொட்டாசியம் குளோரேட் போட்ட பழங்காலப் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) விட்டுப்போகும் எச்சமும் இதே இனம்.

கிணறு கலங்கியிருக்கும், போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டையும் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. வெளியே கொட்டிக்கொண்டிருக்கும் மழைநீரைவிட நல்ல தண்ணீர் அந்த நேரத்தில் கிடைக்காது. ஓட்டுக் கூரையின் முதல் பத்து நிமிட ஓட்டத்தை விட்டுவிட்டு, பிறகு வருவதை ஒரு வாளி பிடித்து வையுங்கள்.

குழலைக் கட்டையிலிருந்து பிரிப்பது மடக்குத் துப்பாக்கியில் எளிது: முன்கட்டையைக் கழற்றி, குழலைக் கீழே மடக்கி, கொக்கியிலிருந்து தூக்கினால் வந்துவிடும். விசைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். அந்தத் திருகுகளுக்கேற்ற மெல்லிய ஸ்க்ரூடிரைவர் வீட்டில் இருக்காது, திருகின் வாய்தான் கிழியும்.

ஒரு குழலுக்கு இரண்டு லிட்டர் கொதிநீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு டீஸ்பூன். குழலின் வாய் வாளிக்குள் இருக்கும்படி சாய்த்து, தோட்டா அறைப் பக்கமாகப் புனல் வைத்து ஊற்றுங்கள். குழல் உடனே சுடும், தடித்த துண்டால் பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் வடிந்ததும் ஒரு லிட்டர் சுத்தமான கொதிநீர். வெதுவெதுப்பான தண்ணீரைவிடக் கொதிநீர் ஏன் என்றால், குழல் சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் தானே ஆவியாகிவிடும். வெதுவெதுப்பாக ஊற்றினால் ஈரம் நின்று, கண் முன்னாலேயே பழுப்பு நிறம் படரும். இரட்டைக்குழலை இணைத்திருக்கும் ஈயப் பற்றவைப்பு கொதிநீருக்கு இளகாது. அது இளகச் சுமார் 180 டிகிரி வேண்டும். ஆனால் நடுப்பட்டைக்கு அடியில் தண்ணீர் புகுந்து தங்கலாம். அந்தக் குழலைக் கழுவியதும் அரை மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, பட்டையின் இரு முனையிலும் மண்ணெண்ணெய் விட்டு வடிக்க வேண்டும்.

புயலில் கடல்நீர் ஏறிய கரையோர வீடு என்றால் ஒரு கழுவல் போதாது. மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

இப்போதே வேலை செய்ய நேரமில்லை, பிள்ளைகளைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால்? அரைகுறையாகத் துடைத்துக் காற்றில் விட்டுவிட்டுப் போவதுதான் இருப்பதில் மோசமான வழி. துரு பிடிக்க ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். பிரித்த குழலை மண்ணெண்ணெய்க்குள் முக்கி வைக்கலாம். அவ்வளவு மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரிலேயே முழுக்க மூழ்கியிருக்கட்டும். ஓரிரு நாள் தண்ணீருக்குள் இருந்த குழல், அதே நேரம் பாதி ஈரத்தோடு வெளியில் கிடந்த குழலைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆளில்லாத வீட்டில் யார் கைக்கும் எட்டும்படி அதை விட்டுப்போகக் கூடாது என்பது தனி விஷயம். வெளியேறுவது முன்கூட்டியே தெரிந்தால் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குவதே மேல்.

தண்ணீரை விரட்டுவது

மண்ணெண்ணெய்தான் இதில் சரியான வேலைக்காரன். மெல்லியது, இடுக்கில் புகும், பழைய கிரீஸையும் வெடிக்கரியையும் இளக்கும், கட்டையின் பாலிஷைப் பெரிதாகக் கெடுக்காது. ரேஷன் மண்ணெண்ணெயின் நீல நிறம் துப்பாக்கியை ஒன்றும் செய்யாது. அதன் குறை, வேலை முடிந்ததும் ஆவியாகி இரும்பை வெறுமையாக விட்டுவிடுவது. மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று மாட்டி வைத்த துப்பாக்கி மறுநாளே துருவேறும்.

டீசல் இன்னும் கொஞ்சம் எண்ணெய்த்தன்மை உள்ளது, தேவைப்பட்டால் மாற்றாகப் போடலாம். நாற்றம் வாரக்கணக்கில் கட்டையில் நிற்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி உறைபனியிலும் பற்றும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து போகும். மின்சாரம் போன வீட்டில் மெழுகுவர்த்தியும் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்தால் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மண்ணெண்ணெயும் பற்றும்தான், ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்க ஏறக்குறைய 40 டிகிரிச் சூடாவது வேண்டும். அதனால்தான் கொதிநீரில் சூடேறிய குழல் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும், அதுவும் தாழ்வாரத்தில், நெருப்பிலிருந்து தள்ளி.

டபிள்யூடி-40 பற்றி இரண்டு கட்சி உண்டு: அது இருந்தால் எதுவும் வேண்டாம் என்பவர்கள், துப்பாக்கி அருகில் கொண்டு வரவே கூடாது என்பவர்கள். இரண்டும் மிகை. 1953இல் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலில் ஈரம் தங்காமலிருக்க உருவாக்கியது அது. பெயரிலிருக்கும் இரண்டு எழுத்தும் தண்ணீரை விலக்குவது என்பதையே குறிக்கின்றன. அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். படலமாக நிற்கச் சொன்னால் மழைக்காலத்தில் சில நாளே தாங்கும். விசைப் பெட்டிக்குள் மாதா மாதம் அடித்துக்கொண்டே இருந்தால் பழைய கிரீஸை இளக்கி, தூசியோடு சேர்த்துப் பிசினாக்கிவிடும். ஆகவே நனைந்த அன்று ஒரு தடவை அடியுங்கள், வடியவிட்டுத் துடையுங்கள், மேலே நிஜமான எண்ணெய் போடுங்கள்.

பெயிண்ட் மூலையில் இருக்கும் டர்பன்டைன், பிளாஸ்டிக் வாட் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) குழலுக்குள் இழுத்துவிட்ட கோடுகளை எடுக்க நல்லது. பழைய கட்டைகளின் பாலிஷில் பட்டால் அது கரையும்.

எண்ணெய்: கடையில் கேட்பதும் வீட்டில் இருப்பதும்

20டபிள்யூ-40 பைக் ஆயிலின் 900 மி.லி. பாட்டில் ஒன்று ஷெட்டில் இருந்தால் கவலை விட்டது. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானமும் துருத்தடுப்பானும் அதில் ஏற்கனவே உண்டு. கொஞ்சம் தடிப்பு என்பதால் வெளிப்பரப்பில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். ஒரு குழலுக்குப் பத்துப் பதினைந்து சொட்டு போதும். துணியில் விட்டுத் தடவ வேண்டும், குழலுக்குள் ஊற்றக் கூடாது. விரலை வைத்து இழுத்தால் மெல்லிய பளபளப்பு தெரிய வேண்டும், கோடு விழக் கூடாது.

வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலும் ஆயில்தானே என்று தோன்றும். இல்லை. அதில் எரிந்த கரி, அமிலம், உலோகத்தூள், சில சமயம் தண்ணீரும் இருக்கும். துருவைத் தடுக்கப் போட்டதே துருவை வரவழைக்கும். அந்தக் கரி கைக்கும் நல்லதல்ல.

ஏடிஎஃப் மெல்லியது, இடுக்கில் நன்றாகப் போகும். அதன் உண்மையான பயன் கலவையில்தான். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக வீட்டில் கலக்கும் 'எட்ஸ் ரெட்' என்ற கரைசல் ஏடிஎஃப், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட், அசிட்டோன் நான்கையும் சம பங்காகச் சேர்த்தது. மலை வீட்டில் அசிட்டோனைத் தேடி அலைய வேண்டாம். அது பாலிஷையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், மூடி சரியாக இல்லாத பாட்டிலிலிருந்து தானே ஓடியும் போய்விடும். 100 மி.லி. மண்ணெண்ணெய், 100 மி.லி. ஏடிஎஃப் இரண்டை மட்டும் ஒரு கண்ணாடி பாட்டிலில் குலுக்கினால் பருவமழை முழுக்கக் கரி எடுக்கப் போதும். மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள், சிவப்பு நிறம் இருமல் டானிக் மாதிரியே இருக்கும்.

தையல் மெஷின் எண்ணெய் சுத்தமான மெல்லிய கனிம எண்ணெய். கீல் முள்ளுக்கும், பாதுகாப்பு விசைக்கும், தோட்டா ஓட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் காலுக்கும் ஒவ்வொரு சொட்டு விட இதைவிட நல்லது இல்லை. படலமாக மட்டும் நிற்காது; செங்குத்தாக வைத்த குழலில் ஒரு வாரத்தில் கீழே இறங்கிவிடும். இதை மட்டும் நம்பினால் வாரம் ஒருமுறை துடைத்துப் பூச வேண்டும்.

வாசலினும் பைக் கடையின் லித்தியம் கிரீஸும் நீண்ட நாள் நிற்கும். வாசலின் குழலின் வெளிப்பக்கத்துக்கு, கிரீஸ் கீல் முள்ளுக்கும் குழல் கொக்கிக்கும், பட்டாணி அளவு. குழலுக்குள் இரண்டும் வேண்டாம்: மறந்துபோய்ச் சுட்டால் முன்னால் கெட்டியாக நிற்கும் கிரீஸே அடைப்பாகிக் குழலை வீங்கவைக்கும். எண்ணெயும் அப்படித்தான். எந்த எண்ணெய் போட்டிருந்தாலும் பயன்படுத்தும் முன் உலர்ந்த துணி ஒன்றை இழுத்துவிட வேண்டும்.

இனி சமையலறை. தேங்காய் எண்ணெய்தான் எல்லோர் கையும் முதலில் போகும் இடம். 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறையும். மடிக்கேரியிலும் ஊட்டியிலும் மழைக்காலத்தில் பகலிலேயே அந்தக் குளிர் இருக்கும். பயரிங் பின் ஓடும் துளையில் உறைந்தால் பின் மெதுவாகப் போய் மோதும், தோட்டாவில் லேசான தடம் மட்டும் விழும், வெடிக்காது. இப்படி வெடிக்காமல் போன துப்பாக்கியை உடனே திறந்துவிடக் கூடாது. முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிப்பது உண்டு. சமவெளி வெயிலில் உறையும் பிரச்சினை இல்லை, ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அந்த வாடை கொழுப்பு அமிலம் பிரிந்ததற்கு அடையாளம், அது இரும்பின் மேலிருக்கும் கருநீலப் பூச்சைத் தின்னும்.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் இன்னும் மோசம். காற்றுப் பட்டு மெல்ல இறுகிப் பிசினாகும் சுபாவம் அவற்றுக்கு உண்டு. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவில் விரலை வைத்தால் ஒட்டுமே, அதே பிசின்தான் விசைக்குள் வரப்போவது. வீட்டில் உள்ள தாவர எண்ணெயில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் விளக்கெண்ணெய். தடிப்பானது, இரும்பில் பற்றி நிற்கும், சீக்கிரம் இறுகாது. முதல் உலகப்போர்க் காலத்து விமான என்ஜின்களுக்கே ஊற்றினார்கள். வெளிப்பக்கத்தில் மெல்லத் தடவி, சாலை திறந்ததும் மண்ணெண்ணெயால் துடைத்து எடுத்துவிடலாம். உள்ளே விட வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு மட்டும். அது காய்ந்து இறுகுவதற்காகவே இருக்கும் எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வெளியே எறியுங்கள்.

கயிறு, துணி, பிரஷ்

என்சிசியில் இருந்தவர்களுக்குப் குழலுக்குள் இழுக்கும் கயிறான புல்த்ரூவும் அதில் மாட்டும் 'சிந்தி' துணியும் தெரியும். வீட்டில் அதையே செய்யலாம். குழல் 30 அங்குலம் என்றால் 76 செ.மீ.; மூன்று மில்லிமீட்டர் நைலான் கயிறு இரண்டரை மீட்டர் வெட்டி, நடுவில் துணி மாட்ட ஒரு கண்ணி போடுங்கள். ஒரு நுனியில் குழலுக்குள் எளிதாக விழும் எடை. பித்தளைத் துண்டோ துணி சுற்றிய நட்டோ. இரும்பை வெறுமையாக விடக் கூடாது, கீறும். மறு நுனியைப் பின்னால் தொங்கவிடுங்கள். அந்த வால்தான் முக்கியம். துணி நடுவழியில் சிக்கினால் வந்த வழியே திரும்ப இழுக்க அது ஒன்றுதான் வழி. வால் இல்லாத கயிறு அறுந்தால் குழல் அடைபட்டதுதான். அதைச் சுட்டு வெளியேற்றலாம் என்று ஒரு யோசனை வரும். அப்படிச் சுட்டால் குழல் வெடிக்கும்.

துணி எங்கே சிக்கும் என்பதும் தெரிந்ததே. தோட்டா அறையின் உள் விட்டம் 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், குழல் 18.5 அளவு, முனையில் முழு சோக் (ஒடுக்கம்) இருந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறையும். அறையில் தளர்வாகப் போகும் துணி முனையில் இறுகும். பழைய பனியன் துணியை ஏழரை செ.மீ. சதுரமாக வெட்டித் தொடங்குங்கள். முனையில் ஒரு கையால் இழுத்தால் வரும் அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளலாம். பாலியஸ்டர் எண்ணெயும் ஈரமும் உறிஞ்சாது, பருத்தியே வேண்டும். எப்போதும் அறைப் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாகத்தான்.

கயிறு போதாது, கம்பு வேண்டும் என்றால் நேரான பிரம்பு நல்லது. சிராய் பிரியாது, வளைந்தாலும் ஒடியாது. மரக்கம்பு குறுக்கு ரேகையில் ஒடிந்து உள்ளங்கையில் ஏறும். கட்டடக் கம்பி, குடைக் கம்பி இரண்டையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. அலுமினியம்கூட மணலைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்யும்.

பழைய டூத் பிரஷ் எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்கும் கீலுக்கும் சரியான கருவி. குழலுக்குள் ஈயக்கறை இருந்தால் செம்பு நார் சுற்றித் தேய்க்கலாம், ஆனால் கடையில் 'காப்பர்' என்று விற்பதில் பெரும்பகுதி முலாம் பூசிய இரும்பு. காந்தம் ஒட்டினால் வேண்டாம். ஒட்டாவிட்டாலும் ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது ஸ்டீல். தேங்காய் நார் வேண்டாம், உப்பும் ஈரமும் அதில் இருக்கும்.

துரு வந்துவிட்டால்

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை துப்பாக்கிக்கும் புளியைத்தான் எடுக்கும். துப்பாக்கியின் கருநீலப் பூச்சும் இரும்பின் ஒரு வகை ஆக்ஸைடுதான். துருவைக் கரைக்கும் அமிலம் எதுவும் அதையும் சேர்த்தே கரைத்துவிடும். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுக்கும் இது பொருந்தும். கழிப்பறை ஆசிட் சில நொடியில் வெள்ளை இரும்பு வரை போய்விடும், பிறகு அந்த இடத்தில் குழி விழும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. சாம்பலும் செங்கல்தூளும் கீறும். வினிகரோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்து ஈயக்கறை எடுக்கும் யோசனை இணையத்தில் சுற்றுகிறது. ஈயம் கரைந்து தோல் வழியாக உடம்பில் ஏறும் உப்பாக மாறும், செய்யாதீர்கள்.

இளம்பழுப்பாக மேலே படர்ந்த துருவுக்கு மண்ணெண்ணெய்–ஏடிஎஃப் கலவையைத் தடவி ஓர் இரவு விட்டு, மறுநாள் கரடுமுரடான பருத்தித் துணியால் அழுத்தித் தேய்த்தாலே பெரும்பாலும் வந்துவிடும். வராத இடத்தில் மிக மெல்லிய ஸ்டீல் கம்பளி, நன்றாக எண்ணெயில் நனைத்து, அழுத்தம் இல்லாமல். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும் அளவுக்குத் துரு குழலுக்குள் இறங்கியிருந்தால் இனி சுத்தம் செய்வது உங்கள் வேலையல்ல, குழலின் கனத்தை அளந்து பார்க்க வேண்டியவர் மிஸ்திரி.

எல்லாம் முடிந்து 24 மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் இழுங்கள். பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. எண்ணெயைக் கூட்டிப் பயனில்லை, கொதிநீரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முதல் நாள் பளபளவென்று இருந்த குழல் மூன்றாம் நாள் பழுப்பாவது பெரும்பாலும் இந்தச் சோதனையை விட்டதால்தான்.

கட்டையும் வைக்கும் இடமும்

நனைந்த கட்டையை அடுப்பருகில் வைத்தால் பிளக்கும், வெயிலில் வைத்தால் முறுக்கும். காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் மெல்லக் காயட்டும். ஊறிப் பெருத்த கட்டையைக் குழலோடு அடித்துப் பூட்டக் கூடாது.

துப்பாக்கியை முனை மேலே பார்க்க நிறுத்துவதே வழக்கம். எண்ணெய் பூசிய பின் சில நாளாவது முனையைக் கீழே வைத்து, அடியில் துணி போட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மெல்ல இறங்கி, விசைப் பெட்டி உட்காரும் இடத்தில் மரத்துக்குள் ஊறும். கட்டையின் தலை கறுத்து, மெத்தென்று ஆகி, ஒவ்வொரு முறை சுடும்போதும் நசுங்கும். பழைய தோட்டத் துப்பாக்கிகளில் கட்டை பிளந்திருப்பதற்கு இது அடிக்கடி காணும் காரணம்.

தோல் உறை, கான்வாஸ் உறை, செய்தித்தாள் மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழைக்காலம் முழுக்க உறைக்குள் இருந்த துப்பாக்கியை வெளியே எடுத்தால் உறையின் தையல் கோடு அப்படியே துருவில் அச்சாகியிருக்கும். பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு போடும் பழைய முறை நல்லதுதான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும், பல்பின் சூடு அதைக் கீழே வைக்கும். மின்சாரம் போன வாரத்தில் அது வேலைக்காகாது. அப்போது சிலிகா ஜெல் பைகளை வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பை துணியாக இருந்தால் ஜெல்லை வெளியே கொட்டித்தான் சூடாக்க வேண்டும். அரிசிப் பானை நம்பிக்கையை விட்டுவிடலாம், அந்தக் காற்றில் அரிசியே ஈரம்.

வேலை செய்த இடம் சமைக்கும் மேடையாக இருக்கக் கூடாது. பிரைமரிலும் ரவையிலும் ஈயம் உண்டு. பயன்படுத்திய புனல் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு சாப்பாடு.

தோட்டாக்கள்

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. தண்ணீரில் மூழ்கிய தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான SAAMI-யின் நிலையும். காகித ஓட்டுத் தோட்டா ஊதிப்போய் அறைக்குள்ளேயே போகாது. பிளாஸ்டிக் ஓடு வெளியே பார்க்க நன்றாக இருக்கும், அதனால்தான் அதில் ஆபத்து அதிகம். மருந்து பாதி நனைந்து பாதி எரிந்தால் வாட் குழலிலேயே நின்றுவிடும், அடுத்த தோட்டா அதில் மோதும். அடுப்பில், வெயிலில், ஹேர் டிரையரில் காயவைப்பது எதுவும் கூடாது. காய்ந்த தோட்டாக்களிலும் எண்ணெய்க் கை படக் கூடாது. மெல்லிய எண்ணெய் பிரைமர் ஓரமாக உள்ளே ஊறி அதை ஊமையாக்கிவிடும். மூழ்கியவற்றைத் தனி டப்பாவில் போட்டு, எண்ணிக்கையை எழுதி வைத்து, சாலை திறந்ததும் லைசென்ஸோடு கடையிலோ காவல் நிலையத்திலோ கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். குப்பையிலோ ஓடையிலோ எறிந்தால் பிறகு கணக்கில் குறையும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.